மாப்பிள்ளை வைத்துவிட்டுப் போன பெட்டி

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மூத்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் அத்தையும் சின்னவளும், கேட்டால் நன்றாக இருக்கிறோம் என்று சொல்லும் அளவுக்கு இருக்கிறோம். அங்கே தாங்களும் எங்கள் பெரியவளும் அதைவிட மேலாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் காகிதத்தில் எழுதுகிறேனே என்று தாங்கள் முகம் சுளிக்கக் கூடாது. போன் மேல் எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது. அது எப்படிப் போனது என்பதைத்தான் எழுதப் போகிறேன். நடுவில் என் மேல் கோபம் வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரவும்.

சென்ற விடுமுறைக்குத் தாங்கள் வந்தபோது எங்கள் கூடத்தில் டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்துவிட்டுப் போனீர்கள். "மாமா, இது கிரிப்டோ நாணயத்தோட மொத்தக் கணக்கு. பிளாக்செயின்னு பேரு. இதே கணக்கு உலகம் பூரா ஆயிரக்கணக்கான வீட்ல நகலா இருக்கும். அதனால யாரும் யாரையும் நம்ப வேண்டியதே இல்ல. கணக்கு மட்டுமில்ல, எழுத்து, படம்கூட இதுல ஏத்தலாம். ஒரு தடவை உள்ள ஏறிடுச்சுன்னா எவனாலயும் அழிக்க முடியாது" என்று சொன்னீர்கள். எனக்குப் பாதி புரியவில்லை. இருந்தாலும் மாப்பிள்ளை சொல்லும்போது புரியவில்லை என்றால் நன்றாகவா இருக்கும், தலையாட்டினேன். அதோடு விட்டேனா? என் கடைக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வருகிற ஆட்களையெல்லாம் ஸ்டூலில் உட்காரவைத்து, "தாடையத் தூக்குங்க, சிரிக்காதீங்க, எங்க வீட்ல உலகத்துக் கணக்கே இருக்கு தெரியுமா" என்று பெருமையடித்தேன். உங்கள் அத்தைக்கும் பெட்டியைப் பிடித்துப்போயிற்று. அதன் பின்னாலிருந்து சூடாகக் காற்று வருகிறதே, மழை நாளில் என் காலுறைகளையெல்லாம் அங்கேதான் காயப்போட்டாள்.

போன வாரம் கடையில் ஒரு குழந்தையை அழாமல் உட்காரவைக்கக் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருக்கும்போது என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவன் யார் தெரியுமா? நம்ம சின்னவளுக்குப் பேசி, நாள் குறிக்கிற வரைக்கும் வந்து, அவளே வேண்டாம் என்று நிறுத்தினாளே, அந்த வரன். அவளோட ஒரு படத்தை அந்த பிளாக்செயின் சங்கிலிக்குள் ஏற்றிவிட்டானாம். எந்த இடத்தில் ஏற்றினான் என்று நீளமாக ஒரு எண்ணும் போட்டிருந்தான். "உங்க வீட்டுப் பெட்டியிலயும் ஒரு நகல் வந்திருக்கும். பத்திரமா பாத்துக்குங்க மாமா" என்று முடித்திருந்தான். மாமாவாம். என்ன மாதிரிப் படம் என்று நான் எழுத மாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை. எந்த அப்பனும் பார்க்கிற படம் இல்லை என்பது மட்டும் அவன் எழுதியிருந்த விதத்திலேயே தெரிந்தது. குழந்தையை அவங்க அம்மா கையில் கொடுத்துவிட்டு இருட்டறைக்குள் போய் நின்றேன். இன்னொன்று சொன்னால் வருத்தப்படக் கூடாது மாப்பிள்ளை. அவன் பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பேச்சுக் கொடுக்க ஆளில்லாமல் முழித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து இந்தச் சங்கிலி எப்படி வேலை செய்யும் என்று அவனுக்கு அக்கறையாகப் பாடம் எடுத்தது நீங்கள்தான்.

உங்களுக்குப் போன் போட்டேன். மீட்டிங், அப்புறம் கூப்பிடுகிறேன் மாமா என்று பதில் வந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியைப் பெட்ஷீட்டில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிப் போனேன். "இதுல ஒண்ணே ஒண்ணை மட்டும் அழிக்கணும் தம்பி"ன்னு கேட்டேன். "அப்படி ஒண்ணை மட்டும் எடுத்தா கணக்கு ஒத்துக்காது சார். மொத்தத்தையும் அழிச்சாலும் மறுபடி ஓட விட்டீங்கன்னா மத்த வீட்லேர்ந்து எல்லாத்தையும் இழுத்துக்கும். அப்படி அழிக்கிற அளவுக்கு என்ன சார் இருக்கு?" என்றார். சொன்னேன். சொல்லாமல் எப்படி உதவி கேட்பது? ஐயோ பாவம் என்றார். நல்ல மனுஷன்தான். அப்புறம் கீபோர்டை முன்னால் இழுத்துவைத்து, "எந்த நம்பர்ல இருக்கு சார்?" என்று கேட்டார் பாருங்கள், அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. பெட்டியைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்தது கீழ்வீட்டு வக்கீல். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோரமே நின்றார், போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வக்கீல் எல்லாத்தையும் கேட்டுட்டு மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "படம் சட்டவிரோதம். சரி. அது இப்ப யார் கைவசம் இருக்கு?"ன்னார். "என் வீட்லதான் சார்." "அப்ப முதல் கேள்வி உங்களைத்தான் கேப்பாங்க"ன்னார். பெத்த பொண்ணு படத்தை வீட்டில் வைத்திருந்த குற்றத்துக்கு அப்பன் உள்ளே போக வேண்டுமாம். இதைச் சொல்வதற்குக் கட்டணம் வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

நானே முந்திக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடுவோம் என்று போனேன். அங்கே அதிகாரியோடு நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன். "பொருள் எங்க இருக்கு?" "என் வீட்ல சார். அப்புறம் உலகம் பூரா ஆயிரக்கணக்கான வீட்ல." "விலாசம்?" "தெரியாது சார்." "இதை நடத்துற கம்பெனி முதலாளி யாரு?" "முதலாளி இல்ல சார்." "மேனேஜர்?" "அவரும் இல்ல சார்." "அப்ப நான் யாரைய்யா கூப்பிட்டு விசாரிக்கிறது?" "அதான் சார், யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லன்னு எங்க மாப்பிள்ளை சொன்னாரு"ன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். உங்கள் பேரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டார், மன்னிக்கவும். அப்புறம் பெண்ணின் பேரைக் கேட்டார். சொன்னதும் எழுதுகிற கை நின்றது. எழுந்து உள்ளே போய்விட்டு வந்து, "நீங்க கிளம்புங்க பெரியவரே. பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசுங்க"ன்னார், தணிஞ்ச குரல்ல. எனக்கு வந்ததே ஆத்திரம்! நான் எதுக்கு வந்திருக்கேன், இவர் என்ன சொல்றாருன்னு விடுவிடுன்னு நடந்து வீட்டுக்கு வந்துட்டேன். அவகிட்ட நான் என்னத்தைப் பேச? எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பேச?

வீட்டுக்கு வந்து பார்த்தா உங்க அத்தை காலுறையெல்லாம் எடுத்துட்டு, பெட்டிமேல அவளோட நல்ல புடவை ஒண்ணைப் போத்தி, முன்னாடி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கா. எனக்குத் தெரியாம கீழ்வீட்டம்மா வந்து துக்கம் விசாரிச்சுட்டுப் போயிருக்காங்க. "அது இதுக்குள்ளயா இருக்கு?"ன்னு கேட்டா. ஆமான்னேன். "குளிருமோ என்னமோ"ன்னா. அவளுக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க மாப்பிள்ளை. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அன்னைலேர்ந்து டி.வி. போடறதில்ல. அந்தப் பக்கம் யாராவது போனாலே அவளுக்குப் பதறுது. கேஸ் சிலிண்டர் போடறவர் வந்தாக்கூட வாசல்லயே நிக்கவெச்சிடறா.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். யாரையும் நம்ப வேண்டாம்னு ஒரு பெட்டியைக் கண்டுபிடிச்சீங்க. நல்லது. அந்தப் பொண்ணு ஒரே ஒருத்தனை நம்பினா மாப்பிள்ளை. கட்டிக்கப் போறவன்னு நம்பினா. அவ நம்பினதை எடுத்து, யாரையும் நம்பாதவங்க வீட்ல எல்லாம் கொண்டுபோய் வெச்சிருக்கான். முப்பது வயசாகுது அவளுக்கு. இன்னும் நான் கடையை அடைச்சுட்டு வர லேட்டானா சாப்பிடாம உக்காந்திருப்பா.

ஆகவே உங்களை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதுதான். உடனே லீவு போட்டு வாருங்கள். பெட்டியை என்ன செய்வீர்களோ தெரியாது, அந்தப் படம் அதிலிருந்து போக வேண்டும். மற்ற வீடுகளின் விலாசத்தையும் எப்படியாவது வாங்கித் தாருங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நானே கைப்பட எழுதுகிறேன். ஐயா, அம்மா, உங்கள் வீட்டில் எங்கள் பெண் இருக்கிறாள், தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்று கேட்டால் மாட்டேன் என்றா சொல்வார்கள்? அவர்களுக்கும் பிள்ளை குட்டிகள் இருக்கும். பெரியவளுக்கு இது தெரிய வேண்டாம். சின்னவளுக்கும் எதுவும் தெரியாது. அவள் பாட்டுக்கு லேபுக்குப் போய் ரத்தம், சிறுநீர் என்று சோதித்துவிட்டு வருகிறாள், அப்படியே இருக்கட்டும்.

தாங்களும் பெரியவளும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் ஒற்றுமையாக வாழ வேண்டும் என்று மனமார வாழ்த்தும்,

தங்கள் மாமனார்.

பி.கு.: உறையில் பசை தடவிக்கொண்டிருக்கும்போது சின்னவள் வந்துவிட்டாள். கையிலிருந்து வாங்கி நின்றபடியே முழுவதையும் படித்தாள். அவளுக்கு எல்லாம் தெரியுமாம் மாப்பிள்ளை. நாலு மாசமாகத் தெரியுமாம். அதே ஸ்டேஷனில், அதே அதிகாரியிடம், தனியாகப் போய்ப் புகார் கொடுத்து, அவனைக் கூப்பிட்டு விசாரித்து, வழக்கும் நடந்துகொண்டிருக்கிறதாம். "அழிக்க முடியாதும்மா. ஆனா கோடிக்கணக்கான கணக்குக்கு நடுவுல கிடக்கு. இருக்குன்னு யாரும் சொல்லாத வரைக்கும் யாரும் தேடப்போறதில்ல"ன்னு அந்த அதிகாரி சொன்னாராம். நாங்களாவது தூங்கட்டும் என்று எங்களிடம் சொல்லவில்லையாம்.

"பெட்டிக்குள்ள இருந்தவரைக்கும் அதை யாரும் பாக்கலப்பா. நீங்கதான் வீடு வீடாத் தூக்கிட்டுப் போயிருக்கீங்க. கம்ப்யூட்டர் கடைக்காரர் இப்பல்லாம் என்னைப் பாத்தா தலையக் குனிஞ்சுக்கறாரு. ஏன்னு இப்பதான் புரியுது" என்றாள். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. "இன்னும் யார்கிட்டப்பா சொல்லணும்? அத்தானுக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, கை கால் கழுவப் போய்விட்டாள்.

ஆகையால் மாப்பிள்ளை, இதை நான் உங்களுக்கு அனுப்பப் போவதில்லை. இந்த வரி முடிந்ததும் கிழித்துவிடுவேன். நீங்கள் மீட்டிங் முடிந்து கூப்பிட்டு என்ன விஷயம் மாமா என்று கேட்டால், ஒன்றுமில்லை, உங்கள் பெட்டி நன்றாக ஓடுகிறது, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்பேன்.