தாய்மாமன் (வலது காது மட்டும்)

எனக்கு நன்றாகக் கார் ஓட்ட வரும் என்று நம்பியவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவர், நாமக்கல்லில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மணி மாஸ்டர். அவர் காலமாகிவிட்டார். இன்னொருவன் நான். அயர்லாந்தில் கழிந்த ஒரு காலைப் பொழுதுக்குப் பிறகு நானும் அந்தக் கட்சியிலிருந்து விலகிவிட்டேன்.

நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது உமா. நான் ரயிலில் வேலைக்குப் போகிறவன். சனி, ஞாயிறுகளில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "பிரேக்... பிரேக்..." என்று சொல்லிக்கொண்டு வருவது என் பொறுப்பு. (அந்த வேலையை யாரும் என்னிடம் கொடுக்கவில்லை.) நானே ஓட்டுகிற அபூர்வமான நாட்களிலும் ஹாரனைத் தொட மாட்டேன். அமெரிக்காவில் ஹாரன் அடிப்பது ஒருவரின் குடும்பத்தை இழுத்துத் திட்டுவதற்குச் சமம். லாரிகளின் ஊரில் பிறந்த எனக்கு அது வாயைக் கட்டிப்போட்டது போலத்தான் இருந்தது.

என் தங்கை கவிதா அயர்லாந்தின் மேற்கே ஒரு சின்ன ஊரில் டாக்டர். அவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அப்போது என் விசா இழுபறியில் இருந்தது. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியுமா என்று கேட்டதற்கு வக்கீல் கையை விரித்துவிட்டார். தங்கை தாலி கட்டிக்கொள்வதை ஜெர்சி சிட்டியில் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

போன வருடம் கிரீன் கார்டு வந்தது. வந்த வாரமே கவிதா போன் செய்தாள்.

"அண்ணா, யாழினிக்கு மூணு வயசாச்சுங்க. காது குத்தோணும். உங்க மடி இல்லாம குத்த மாட்டேன்னு உக்காந்திருக்கேன். இதுக்காவது வந்துருங்க."

எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடிதான். தோடும் அவன் கொண்டு வர வேண்டும். அந்த "இதுக்காவது" எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று இரவே டிக்கெட் போட்டுவிட்டேன்.

நான், உமா, பதினைந்து வயது மகள் நிலா. டப்ளினில் இறங்கி, வாடகைக்குக் கார் எடுத்து, மூன்று நாள் ஊர் சுற்றிவிட்டு நான்காம் நாள் காலை கவிதா வீடு. பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் காதுகுத்து. இதுதான் திட்டம்.

கார்க்கதவைத் திறந்ததும் என் கண் கலங்கியது. ஸ்டீயரிங் வலது பக்கம்! வண்டிகளெல்லாம் இடது பக்கம்! பதினேழு வருட வனவாசம் முடிந்து சொந்தப் பக்கத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"உமா, இந்த டிரிப் பூரா நான்தான் ஓட்டப்போறேன். இது நம்ம ஊர் டிரைவிங். உனக்குச் செட் ஆகாது."

"நீங்க நம்ம ஊர்ல கடைசியா எப்ப ஓட்டினீங்க?" என்றாள் உமா. அவள் சென்னைக்காரி. கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டுவிடுவாள். நான் சீட் பெல்ட் போட்டேன்.

முதல் மூன்று நாளும் நன்றாகவே போயின. அந்த நாட்டில் பச்சையில் இத்தனை ரகம் உண்டென்று எனக்குத் தெரியாது. கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், இடிந்த கோட்டை, நினைத்தால் பெய்து நினைத்தால் நிற்கிற மழை. அந்தக் கோட்டைப் படியில் உட்கார்ந்து உமா கட்டிவந்த புளியோதரையைச் சாப்பிட்டோம். நிலா கூட போனை விட்டுத் தலையை நிமிர்த்தி வெளியே பார்த்தாள். அதற்கே இந்தச் செலவு தகும் என்று உமாவிடம் சொன்னேன்.

நான்காம் நாள் காலை ஒன்பதேகாலுக்கு ஓட்டலிலிருந்து கிளம்பினோம். போய் இறங்கியதும் மணையில் உட்கார வசதியாகப் பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டுவிட்டேன். தோடு சட்டைப் பையில். மெயின் ரோட்டில் போனால் ஒரு மணி நேரம். நான் ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்தேன்.

"மெயின் ரோட்லயே போலாங்க. இன்னிக்குப் போய் எதுக்கு ரிஸ்க்?"

"பதினஞ்சு நிமிஷம் மிச்சம் உமா. டிரஸ்ட் மீ."

அந்தக் குறுக்கு வழி எங்கள் காரின் அகலம்தான் இருந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் செடி வேலி. ரோட்டின் நடுவே புல் முளைத்திருந்தது. பத்தடிக்கு ஒரு வளைவு, அந்தப் பக்கம் என்ன வருகிறது என்றே தெரியாது. எனக்குள்ளே மணி மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் என் தொடையில் தட்டித் தட்டி அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: "வளைவுன்னா ஹாரன்டா தம்பி!"

அடித்தேன். பாம்... பாம்... பாஆஆம். ஆஹா! பதினேழு வருடமாக அடைத்திருந்த மூக்கு திறந்துகொண்டது போல இருந்தது.

"ஏங்க, இங்க யாருமே ஹார்ன் அடிக்கலையே" என்றாள் உமா.

"அவங்களுக்கு மலை ரோடு பழக்கமில்ல."

"இது மலையே இல்லப்பா" என்றாள் நிலா பின்னாலிருந்து. (தமிழில் சொன்னாள். கோபம் வந்தால் மட்டும் அவளுக்குத் தமிழ் வரும்.)

நான் கேட்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் முழங்கினேன். கொஞ்ச தூரத்தில் நிலா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள்.

"அப்பா, லுக்! த கவ்ஸ் ஆர் ஃபாலோயிங் அஸ்!"

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாட்டு மந்தை, தலையைத் தூக்கிக்கொண்டு, எங்கள் காருக்கு இணையாக ஓடி வந்துகொண்டிருந்தது. மாட்டுக்கும் நம் ஊர்க்காரனை அடையாளம் தெரிகிறது பார் என்று பெருமைப்பட்டேன். சும்மா இருந்திருக்கலாம். மரியாதைக்கு இன்னும் இரண்டு முறை அடித்தேன்.

அடுத்த வளைவில் அந்த வயலின் கேட் வந்தது. அதை ஒரு நீலக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். மாடுகள் எங்களுக்கு முன்பே அங்கே வந்து கேட்டை முட்டிக்கொண்டு நின்றன. நான் பிரேக் போடவும் கயிறு அறுந்து கேட் திறந்துகொண்டது. மொத்த மந்தையும் ரோட்டுக்கு வந்துவிட்டது. முன்னால் மாடு, பின்னால் மாடு. ஒரு மாடு உமாவின் ஜன்னலை நக்கியது.

மாடு வழியை மறித்தால் நாமக்கல்காரன் என்ன செய்வான்? ஹாரன் அடிப்பான். அடித்தேன். தூரத்தில் மந்தையின் வால் பக்கமாக நின்றுகொண்டிருந்த இரண்டு மூன்று மாடுகளும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அருகே வந்தன. இன்னும் பலமாக அடித்தேன். இன்னும் நெருங்கின. ஒன்று பானெட்டின் மேல் தாடையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது.

"அய்யோ, அடிக்காதீங்க! அடிக்க அடிக்க வருதுங்க!" உமா என் கையைப் பிடித்து இழுத்தாள். நிலா இருக்கைக்குக் கீழே போய்விட்டாள்.

மணி பத்து நாற்பது. கவிதா வீடு பத்து நிமிட தூரம். போனில் சிக்னல் இல்லை. பதினொன்றுக்கு மந்தைக்குப் பின்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. அறுபது வயதிருக்கும் ஒரு பெரிய உருவம் இறங்கி, மாடுகளை முதுகில் தட்டி விலக்கியபடி வந்து என் ஜன்னலில் குனிந்தது. பெயர் டாம் என்றார். என் வேட்டியைப் பார்த்தார். பிறகு நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "என் மாடுகளை எதற்கு ஐயா சாப்பிடக் கூப்பிட்டீர்கள்?"

புதுப் புல்லுக்கு மாற்றும்போது ஜீப்பின் ஹாரனை அடித்துத்தான் அவர் மாடுகளைக் கூப்பிடுவாராம். ஹாரன் கேட்டால் சாப்பாடு. அரை மணி நேரமாக நான் அந்த மந்தைக்குப் பந்தி விரித்திருக்கிறேன்.

உமா இறங்கி, அழாத குறையாக விஷயத்தைச் சொன்னாள். பன்னிரண்டு மணி, காதுகுத்து, இவர் மடி. "டாக்டர் கவிதாவின் அண்ணனா?" என்றார் டாம். அவருடைய முழங்காலுக்கு வைத்தியம் பார்ப்பது என் தங்கைதானாம். பதினைந்து நாள் முன்பு கூட அவள் குழந்தை வந்து கன்றுக்குட்டிக்குப் புட்டியில் பால் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

அவர் சொன்ன வழி சுலபமானது. மாடுகள் என்னைத்தான் நம்பியிருக்கின்றன. அதனால் நானே ஹாரன் அடித்துக்கொண்டு காரை வயலுக்குள் ஓட்ட வேண்டும். பின்னாலேயே அவை வந்துவிடும். கடைசி மாடு உள்ளே போனதும் நான் சுற்றி வெளியே வர, அவர் கேட்டைச் சாத்திக்கொள்வார்.

பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, வாடகைக் காரில், ஒரு மாட்டு மந்தையைத் தலைமை தாங்கி நடத்திச் சென்ற தாய்மாமன் எங்கள் வம்சத்தில் நான் ஒருவன்தான். மாடுகள் ஒழுங்காக வந்தன. கார்தான் வரவில்லை. முந்தின நாள் மழை. வயலின் நடுவே நான்கு சக்கரமும் புதைந்துவிட்டன. தள்ளலாம் என்று இறங்கினேன். கால் வைத்த இடம் சேறா சாணமா என்று யோசிப்பதற்குள் இடுப்பு வரை அதில் இருந்தேன். எழுந்தேன். மறுபடி விழுந்தேன். இந்த முறை குப்புற. தோடு இருந்த பையை மட்டும் கையால் பொத்திக்கொண்டிருந்தேன் என்பதை என் சார்பில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

டாம் காரை அங்கேயே விட்டுவிட்டு எங்களை ஜீப்பில் ஏற்றினார். நான் மணியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கல்யாணத்துக்கு விசா தடுத்தது. அதில் என் தப்பு ஒன்றுமில்லை என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்கு யாரைச் சொல்வது? பதினைந்து நிமிடம் மிச்சம் பிடிக்கப்போய், என் தங்கை என்னிடம் கேட்ட ஒரே ஒரு விஷயத்தையும் தொலைத்துவிட்டேனே!

பதினொன்று நாற்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கவிதா வாசலிலேயே நின்றாள். உள்ளே மணை தயார். கிளினிக்கிலிருந்து வந்திருந்த நர்ஸ் கையுறையோடு தயார். மேஜை மேல் நிறுத்தி வைத்த போனில் நாமக்கல் சொந்தபந்தம் மொத்தமும் தயார்.

"வந்துட்டீங்களாண்ணா" என்ற கவிதா, மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

யாழினி என்னைப் பார்த்தாள். சேற்றில் முளைத்த அந்த உருவம்தான் மாமா என்று யாரோ சொல்லவும் வீடே அதிரக் கத்தினாள். ஓடிப்போய் டாமின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அம்மாவிடமும் போகவில்லை, அப்பாவிடமும் போகவில்லை. மணி பதினொன்று ஐம்பத்து மூன்று.

"நேரம் போவுது! அந்தப் பெரிய மனுசனையே மணையில உக்காரச் சொல்லுங்க!" என்று போனுக்குள்ளிருந்து பெரியப்பா முழங்கினார். குளியலறையில் நான் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் டாம் சம்மணம் போட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்தார். அவர் மடியில் வைத்து, நான் கொடுத்த தோட்டைப் போட்டு, யாழினிக்கு இடது காது குத்தினார்கள். பெண் குழந்தைக்கு இடது காதுதான் முதலில்.

மாப்பிள்ளையின் டிராக் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு நான் வெளியே வந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. குழந்தை ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தது. அடுத்த காதை யாருக்கும் கொடுக்காது என்பது தெளிவாகத் தெரிந்தது. எனக்கு வேறு வித்தை தெரியாது. எதிரே உட்கார்ந்து மெதுவாக வாயால் அடித்தேன்: "பாம்... பாம்... பாஆஆம்."

அழுகை நின்றது. அது டாமின் ஜீப் சத்தம். கன்றுக்குட்டிக்குப் பால் கொடுக்கப் போகிற சத்தம். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அகெய்ன்" என்றாள். அடித்தேன். ஒவ்வொரு பாமுக்கும் ஓரடி நகர்ந்து, கடைசியில் என் மடியில் ஏறி ஸ்டீயரிங் பிடிப்பது போல என் இரண்டு கட்டை விரல்களையும் பிடித்துக்கொண்டாள். அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வலது காது முடிந்தது.

கவிதா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் தோளில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். "வந்துட்டீங்கல்ல, அது போதும்" என்றாள். நானும் அழுதேன். போனில் நாற்பது பேர் பார்த்தார்கள், பரவாயில்லை.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் தாய்மாமன்கள் இரண்டு பேர். பெரியப்பா எப்போது போன் செய்தாலும், "இடது காது மாமன் சௌக்கியமா?" என்று அவரை விசாரித்த பிறகுதான் என்னை விசாரிப்பார். இங்கே நியூ ஜெர்சியில் 'ரூட் 1' நெடுஞ்சாலையில் பின்னால் யாராவது ஹாரன் அடித்துவிட்டால், நிலா தவறாமல், "அப்பா, லஞ்ச்!" என்பாள்.

போன மாதம் கவிதாவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்தே எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, பையனுங்க. பையனுக்கு வலது காதுதான் முதல்ல. உங்க முறை."

போனைக் காதில் வைத்தபடியே டிக்கெட் தேட லேப்டாப்பைத் திறந்தேன்.

"ஆனா கார் கீர் எடுத்துராதீங்க. டாம் ஏர்ப்போர்ட்டுக்கே வந்து கூட்டியாறேன்னு சொல்லிட்டாருங்க."