சரி என்ற ஒரே பொத்தான்

கொடியில் பென்குவின் பொறித்த வலைநாட்டில் வீட்டுக்கு வீடு செய்திக் கம்பி உண்டு. வீட்டின் எண், தெருவின் அளவு, தெருவாசலின் எண், பெயர் காட்டும் நிலையத்தின் எண் என்று நான்கு வரிகளைக் கையால் எழுதினால் கம்பி உயிர்பெறும். பிறகு நினைத்ததை எழுதி அனுப்பலாம். புதிதாகக் குடியேறியவர்கள் தடுமாறியதால் அரண்மனை ஒரு படப்பலகை வழங்கியது. பொத்தானைத் தொட்டால் போதும். அது நல்ல காரியம்தான்.

பிறகு ஆணைகள் வந்தன. கையால் எழுதிய வரிகளை விடியல்தோறும் பலகை அழித்துவிடும் என்றது முதல் ஆணை. பல பொத்தான்கள் குழப்பம் தருவதால், எல்லைக் காவலர் தவிர எல்லோருக்கும் 'சரி' மட்டும் இருக்கும் என்றது அடுத்தது. பொழுது சாய்வதற்குள் பதில் தராதவர்களுக்காகப் பலகையே 'சரி' சொல்லிவிடும் என்றது மூன்றாவது.

"மன்னா, இவ்வாண்டு ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை," என்றார் அமைச்சர் வாகைநம்பி.

"ஒருவர்கூடவா?"

"மறுக்கப் பொத்தானே தேவைப்படாத அளவுக்குத் திருப்தி, மன்னா."

அன்று காலை குமுதவல்லியின் பலகையில், கடல் எல்லையில் காவலிருக்கும் அவள் கணவன் ஆதனின் செய்தி வந்தது. 'இன்னும் ஐந்தாண்டு இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். இருக்கட்டுமா? நீ சொல்வதுபோல் செய்கிறேன்.' அதன் கீழே 'சரி'.

அவள் பலகை அலுவலகத்துக்கு ஓடினாள்.

"ஐயா, நான் வேண்டாம்னு சொல்லணும்."

"தாராளமா சொல்லுங்கம்மா. 'சரி'யை அழுத்துங்க, உங்க கோரிக்கை பதிவாயிடும்."

"அழுத்தினா என் வீட்டுக்காரர் அஞ்சு வருஷம் வரமாட்டார்."

"அவர்கிட்டயும் பலகை இருக்கே. பழகிக்குவார்."

வீடு திரும்பியவள், கம்பியோடு வந்த பழைய குறிப்பைத் தேடியெடுத்து நான்கு வரிகளையும் எழுதினாள். தெருவே ஊமையானது.

"யாரு தெருக் கம்பியை அணைச்சது?" என்று எதிர்வீட்டுப் பொன்னி கத்திக்கொண்டே வந்தாள். குமுதவல்லி எழுதிய வரிகளைப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். "அடியே, உன் வீட்டுக்கும் தெருவாசலுக்கும் ஒரே எண்ணைப் போட்டிருக்கே. தெருவுக்கு வர்றதெல்லாம் உன் வீட்டுக்குள்ள வரணுமா?"

குமுதவல்லி கடைசி இலக்கத்தை மாற்றினாள். கம்பி சிணுங்கியது. சூரியன் ஓட்டுக்கூரையைத் தொடும்போது எழுதினாள்: 'வேண்டாம். வந்துவிடுங்கள்.'

'வருகிறேன்' என்று பதில் வந்தது. 'இந்தச் சொல்லை எப்படியடி அனுப்பினாய்?'

மறுநாள் விடியலில் பலகை எல்லாவற்றையும் அழித்தது. அவள் மறுபடி எழுதினாள். பொன்னியும் எழுதினாள். அடுத்த தெருவும் கேட்டு வாங்கி எழுதியது. விரலில் ஒட்டிய மைக்கறையை யாரும் கழுவவில்லை. சந்தையில் அதைக் காட்டிக்கொண்டே கத்தரிக்காய் பொறுக்கினார்கள்.

அடுத்த மாதம் வாக்கெடுப்பு. 'மன்னரே தொடரட்டுமா?' என்று கேட்டிருந்தது பலகை. வெற்றி முரசுக்கு முன்பே மாலை போட்டிருந்தார் வாகைநம்பி. பதில்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.

"ஏதோ கோளாறு, மன்னா."

"கோளாறு இல்லை. கையெழுத்து," என்றார் மன்னர்.

அப்போது அரண்மனைப் பலகை ஒளிர்ந்தது. 'மக்களின் தீர்ப்பை ஏற்கிறீர்களா?'

மன்னர் வேறு பொத்தானைத் தேடினார். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.