லாந்தர் கரியில் ஒரு கார்பன் பேப்பர்

பெண் பார்க்க வருகிறவர்களிடம் அம்மாக்கள் அளந்துவிடும் பொய்யை நிஜமாக்கும் வேலை, கடைசியில் பெண்ணின் தலையில்தான் விழும். என் தலையில் விழுந்தது எழுபதுகளின் தொடக்கத்தில், கிழக்குத் தாம்பரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"எங்க பொண்ணு எம்பிராய்டரியில கெட்டிக்காரி" என்று அம்மா தரகரிடம் சொல்லிவைத்திருந்தாள். (எனக்குப் பட்டன் தைக்கவே வராது.) அதற்கு முன் இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் அம்மா படுத்துவிடுவாள். ஆகவே ஒரு மேஜை விரிப்பில் மயில் படத்தைப் பிரதி எடுத்து, நாலு தையல் போட்டு, பாதி வேலையில் இருப்பதாகக் காட்டிவிடலாம் என்று திட்டம்.

பிரதி எடுக்கக் கார்பன் பேப்பர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை ஏது? நானே தயாரித்தேன். லாந்தர் சிம்னியில் படிந்த கரியைச் சுரண்டி, தேங்காய் எண்ணெயில் குழைத்து, மெல்லிய தாளில் தடவினேன். கரி நன்றாகப் பிடிக்கட்டும் என்று, கூடத்துப் பிரம்பு நாற்காலியில் கரிப்பக்கத்தைக் கவிழ்த்து, மேலே அப்பாவின் கனத்த வேதாகமத்தை வைத்தேன். அந்த அறிவை என்னவென்று சொல்வது!

"வந்துட்டாங்கடி!" என்றாள் அம்மா. சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே! வேதாகமத்தை அலமாரியில் வைத்துவிட்டு, தாளை உருவிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். அங்கே பார்த்தால் தாளில் கரியே இல்லை. அத்தனையும் நாற்காலியில் தங்கிவிட்டது. காப்பிக்கொட்டை நிறத்தில் வார்னிஷ் அடித்த பிரம்பு என்பதால் கரி யார் கண்ணுக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளையின் அப்பா, வெள்ளை வெளேரென்ற வேட்டியோடு, அதில்தான் உட்கார்ந்திருந்தார்.

காப்பித் தட்டோடு அந்த நாற்காலியையே பார்த்தபடி பாதி வழியில் நின்றுவிட்டேன். "பயப்படாதம்மா" என்றார் பாவம், அந்த மனிதர். விரிப்பு துவைக்கப் போட்டிருப்பதாக அம்மா இன்னொரு பொய் சொன்னாள்.

அவர்கள் கிளம்புமுன் என் அப்பா ஜெபம் செய்தார். எல்லோரும் எழுந்து கண்ணை மூடினோம். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். வேட்டியின் பின்பக்கம் பிரம்புப் பின்னல், கண்ணி கண்ணியாக, அச்சடித்ததுபோல் பதிந்திருந்தது. அவ்வளவு துல்லியமாக நான் வாழ்நாளில் எதையும் பிரதி எடுத்ததில்லை.

நிமிர்ந்தால், மாப்பிள்ளையும் கண்ணைத் திறந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்! பிறகு என் கறுத்த விரல்களைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கியதில் விசும்பல்போல ஒரு சத்தம் வந்தது. பையன் உருகி அழுகிறான் என்று நினைத்து அப்பா ஜெபத்தை இன்னும் நீட்டினார்.

ஆமென் சொன்னதும் மாப்பிள்ளை தம் அப்பாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டார். படி இறங்கி, தெருமுனை திரும்பும்வரை விலகவேயில்லை.

"பாரேன், அப்பா மேல எவ்ளோ பாசம்!" என்று அம்மா நெகிழ்ந்துபோனாள். எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துவிட்டது. இந்த வரனும் போச்சே என்று அழுகையும் வந்தது.

மறு வாரம் தரகர் வந்தார். "பொண்ணு புடிச்சிருக்காம்மா. சீர்ல நாற்காலி மட்டும் வேணவே வேணாமாம். வேட்டி தொவச்ச மாமியாரம்மா கண்டிஷனா சொல்லிட்டாங்க."

இப்போதும் குடும்ப ஜெபத்தில் பேரப்பிள்ளைகள் கண்ணைத் திறந்து விளையாடினால் நான் அதட்டுவேன். அவர் உடனே குறுக்கே விழுவார்:

"விடு. அன்னைக்கு நான் ஒழுங்கா கண்ண மூடியிருந்தா, இதுல ஒருத்தரும் பொறந்திருக்க மாட்டாங்க."