பன்னீர்ச் சொம்பும் ரூபனின் குட்டி விமானமும்

மாமா கல்யாணத்தில் வாசலில் நின்று பன்னீர் தெளிக்க ஓர் ஆள் வேண்டும். அம்மா என்னைப் பார்த்தார்.

பெரிய வேலை இல்லை. பன்னீர் தெளித்து, சந்தனம் காட்டி, கற்கண்டு நீட்ட வேண்டும். ஆனால் நான் இப்போதுதான் பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம். எழுதி முடித்தவள். மண்டபத்துக்குள் போகிற அத்தனை சொந்தமும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். அத்தனை பேரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "அடுத்து என்னம்மா செய்யப் போற?"

என்னிடம் பதில் இல்லை. அதுதான் பிரச்சினை.

"ஏன் நான்? ரூபன் நிக்கட்டும்," என்றேன். ரூபன் ரவாங்கில் இருக்கும் சித்தி மகன். எனக்கு ஒரு வகுப்புக் கீழே, ஃபோம் ஃபோர் படிக்கிறான்.

"ஆம்பளப் பையன் நின்னா நல்லாவா இருக்கும்?"

"ஆம்பள தெளிச்சா பன்னீர் மணக்காதாம்மா?"

அம்மாவுக்கு வாதாட நேரமில்லை. "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. எனக்குத் தாம்பூலப் பை போடுற வேல கிடக்கு."

நாங்கள் பேசவில்லை. கம்ப்யூட்டரில் விமானச் சண்டை போட்டோம். அவன் ரவாங்கில், நான் கோலசிலாங்கூரில், காதில் ஹெட்செட். தோற்றவர் கையில் சொம்பு.

விளையாட்டுக்கு நான் புதுசு. அழகாக இருந்த விமானத்தை எடுத்தேன். கனமானது, வேகமானது, மூக்கில் சிவப்புச் சாயம். ரூபன் எடுத்தது பசார் மாலாம் இரவுச் சந்தையில் தொங்கும் பொம்மை மாதிரி ஒரு குட்டி விமானம்.

"இதுலயா வர்ற? பாவம்லா நீ."

"வாங்கக்கா, பாப்போம்."

அவன் வளைந்தான். நானும் வளைந்தேன். அவன் இன்னும் இறுக்கி வளைந்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். என் விமானம், செம்பனைக் குலை ஏற்றிய லோரி சந்துக்குள் திரும்புவது மாதிரி முனகிக்கொண்டே திரும்பியது. இருந்த வேகமெல்லாம் போய்விட்டது. ஆளைக் காணோமே என்று தேடினேன். பின்னால் இருந்தான்.

"விழுந்துட்டீங்கக்கா."

"தெரியுது. இது பழகுறதுக்கு. கணக்குல வராது."

"சரிக்கா." அவன் கொடுத்த மரியாதைதான் ரொம்பக் கடுப்பாக இருந்தது.

உடனே புதியவர்களுக்கான வீடியோ ஒன்றைத் தேடிப் பார்த்தேன். இறுக்கமாகத் திரும்புகிறவனோடு சேர்ந்து நீயும் திரும்பாதே. உன் பலம் வேகம்தான். மேலேயிருந்து பாய்ந்து சுடு, நிற்காமல் தாண்டிப் போ, தூரத்தில் உயரம் ஏறு, திரும்பி வந்து மறுபடியும் பாய். இவ்வளவுதானே? பாதியிலேயே மூடிவிட்டேன்.

அடுத்த ஆட்டம். பாய்ந்தேன், சுட்டேன், படவில்லை. பரவாயில்லை, தாண்டிப் போனேன். கடல் வந்தது. இன்னும் போனேன்.

"அக்கா, எங்க போறீங்க?"

"உயரம் ஏத்துறேன்."

"சுமத்ராவுக்கா?"

திரையில் சிவப்பு எழுத்து வந்தது. எல்லையைத் தாண்டி ஓடியதால் தோல்வியாம். எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது நான் பார்க்காத பாதியில் இருந்திருக்கும்.

"இதுவும் பழகுறதுக்கா?" என்றான்.

"ஆமா."

"சரிக்கா. கடைசி ஒண்ணு. இதுல தோத்தா சொம்புதான்."

இந்த முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பாய்ந்தேன். அவன் சட்டென்று வளைந்தான், நான் கூட வளையவில்லை. தாண்டிப் போய், அளவாக உயரம் ஏறி, திரும்பி வந்து பாய்ந்தேன். அவன் இறக்கையில் பட்டது. புகை வந்தது. இன்னொரு முறை போய்விட்டு வந்தால் கதை முடிந்தது.

ஆனால் அவன் பக்கத்திலேயே இருந்தான். மெதுவாக, புகை விட்டுக்கொண்டு, எட்டினால் பிடிக்கிற தூரத்தில். அவ்வளவு தூரம் போய்விட்டு வர எனக்குப் பொறுமை இல்லை.

அவனோடு சேர்ந்து நானும் திரும்பினேன்.

"நன்றிக்கா," என்றான் ரூபன், எனக்குப் பின்னாலிருந்து.

கல்யாணத்தன்று ஜெராமில் இருந்த மண்டப வாசலில் சேலையோடு நின்றேன். முதலில் வந்தவர் அம்மாவின் பெரியம்மா மகள்.

"அடுத்து என்னம்மா செய்யப் போற?"

"யோசிச்சுக்கிட்டு இருக்கேன், ஆண்ட்டி."

"எப்பத்திலிருந்து?"

"பரீட்சை முடிஞ்சதிலிருந்து."

"அதுக்கு முன்னாடி யோசிக்கலையா? கணக்குப் பாடத்துல எவ்வளவு வரும்? எங்க பொண்ணு..."

நான் வளைய வளைய அவர் இன்னும் இறுக்கி வளைந்தார். பின்னால் வரிசை நின்றுவிட்டது. அப்போதுதான் புரிந்தது, இவரும் குட்டி விமானம்.

அடுத்த ஆண்ட்டி வாயைத் திறந்தார். "நீ அடுத்து..."

பன்னீர் தெளித்தேன். "வாங்க ஆண்ட்டி, சாப்பாடு சூடா இருக்கு." சொல்லிக்கொண்டே நேராகப் பின்னால் நின்ற வேறொரு மாமாவிடம் போய்விட்டேன். அவருக்கும் தெளித்துவிட்டு அவர் சம்சாரத்திடம். ஓர் இடத்திலும் நிற்கவில்லை, யாரோடும் வளையவில்லை. மொத்தச் சொந்தமும் உள்ளே போனது. அதற்குப் பிறகு ஒரு கேள்விக்கும் நான் பதில் சொல்லவில்லை.

ரூபன் சாப்பிட்டுவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தான். "பரவால்லயேக்கா. இதையே அன்னிக்கு செஞ்சிருந்தா ஜெயிச்சிருப்பீங்க."

மீதிப் பன்னீரை அவன் தலையில் ஊற்றினேன். அதற்குள் அம்மா வந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"வரிசை எவ்வளவு வேகமா போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. இனிமே நம்ம வீட்டுக் கல்யாணம் எல்லாத்துக்கும் வாசல்ல நீதான்."