பேய்க்காதும் இருபத்தெட்டு கார்பரேட்டரும்

ஆரணியில் மனிதர்களோடு பேசியதைவிடச் செத்துப்போன இன்ஜின்களோடு அதிகம் பேசியவர் பேய்க்காது ஒருவர்தான். பவர்லூம் தெருவில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். யாரும் அந்தப் பெயரில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எங்கள் தெருவில் தறி ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் நிற்பவர் சொல்வதே கேட்காது. அந்தச் சத்தத்திலும், எதிர்ச் சாரியில் இரண்டு பேர் கிசுகிசுத்தால் இந்தப் பக்கத்திலிருந்து இவர் பதில் சொல்லுவார். ஒருமுறை ஓர் ஆள் எதிரே நின்று, மாமியார் ஆஸ்பத்திரியில் கிடப்பதைப் பற்றி நண்பரிடம் மெல்லச் சொல்லிவிட்டு, ரோட்டைக் கடந்து வந்து இவரிடம் ஸ்பார்க் பிளக் இருக்கிறதா என்று கேட்டார். "கெழவிக்கு ஒண்ணும் ஆவாது. ஒங்க வாய்தான் பேஜாரு" என்றார் இவர். அந்த ஆள் பிளக் வாங்காமலே போய்விட்டார். அன்றிலிருந்து பேய்க்காது என்ற பெயர் நின்றுவிட்டது.

கடையும் பெயருக்கு ஏற்றபடிதான் இருக்கும். விபத்தில் நொறுங்கிய வண்டிகளிலிருந்து கழற்றிய, காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்பரேட்டர்களைச் சுவரோரம் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார். எல்லாம் வாயைத் திறந்தபடி இருக்கும். ஆடிக் காற்று உள்ளே புகுந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் ஊ என்று ஊதும். பட்டப்பகலிலேயே நமக்கு முதுகு சில்லிட்டுப்போகும். அவர் அதன் கீழே உட்கார்ந்து நிதானமாகப் பொரி தின்றுகொண்டிருப்பார்.

வண்டியைப் பார்க்கும் விதம் இன்னும் பயங்கரம். ஸ்க்ரூடிரைவரின் பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு, அதன் முனையை ஓடுகிற இன்ஜின்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கருவிழி இமைக்குள் உருளுவது தெரியும். பெரணமல்லூரிலிருந்து வந்த ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, வண்டிக்கு மந்திரிக்கிறார் என்று நினைத்து எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். இவர் அதைப் பிழிந்து ஜூஸ் குடித்துவிட்டார்.

நான் கிராமங்களில் இருக்கும் கைத்தறிகளுக்கு, நெசவுக்கு வேண்டிய பட்டுப் பாவு கொண்டுபோய்க் கொடுப்பவன். தேசூர் வரைக்கும் பாரம் ஏற்றிப் போக வேண்டும் என்று என் பழைய வண்டியின் சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போட்டேன். அதற்குத் தோதாக இருக்கட்டும் என்று பெரிய கார்பரேட்டரையும் மாட்டினேன். மெதுவாகப் போனால் திக்கித் திக்கி நின்றது. நானும் அப்படித்தான், நாலு பேர் முன்னால் பேச வேண்டும் என்றால் நின்றுவிடுவேன். இவர் கடை வாசலில் போய்ப் பேசாமல் நின்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கடித்தார், கண்ணை மூடினார், கம்பியிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்து மாட்டினார். வண்டி சீராக ஓடியது.

அதன்பிறகு அடிக்கடி போய் உட்காருவேன். அப்படி ஒரு மத்தியானம் கரண்ட் போனது. தெருவிலிருந்த அத்தனை தறியும் ஒரே நொடியில் நின்றன. எங்கள் ஊரில் அந்த அமைதி வந்தால் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்ப்போம். நாயும் எழுந்து நிற்கும். இவர் மட்டும் தறி ஓடும்போது கத்துகிற அதே குரலில் கத்திக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவருக்குக் காதே கேட்காது. மெக்கானிக் ஆவதற்கு முன் இருபது வருடம் தறி ஓட்டியவர், அதில் போயிருக்கிறது. எல்லோரும் கத்துகிற தெருவில், எல்லோரும் வாயைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிற தெருவில், ஒருவருக்குக் காது கேட்கவில்லை என்பதை யார் கண்டுபிடிப்பார்கள்? எதிர்ச் சாரி ரகசியம் அவர் கண் வழியாகத்தான் போயிருக்கிறது. இன்ஜினின் அதிர்வு பல் வழியாகப் போயிருக்கிறது. நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம் பேசுவது மட்டும் அதிகமாகிவிட்டது.

நாலு வருடம் கழித்து குமரேசன் வந்தான். எட்டுத் தறிக்கு முதலாளி. தன் வண்டியின் இன்ஜினைக் குடைந்து, சென்னையிலிருந்து வாய் அகலமான இருபத்தெட்டு சைஸ் கார்பரேட்டர் வரவழைத்து மாட்டியிருந்தான். அதுவும் திக்கியது.

பேய்க்காது கடித்துப் பார்த்துவிட்டு, "இருபத்தி நாலு போதும்" என்றார். "இன்ஜின் இழுக்கற மூச்சு இவ்ளோதான். வாய அகலமா வச்சா காத்து சோம்பிப்பூடும். பெட்ரோல இழுத்துகினு வராது."

குமரேசனுக்கு அவமானமாகிவிட்டது. வெளியே போய் ரோட்டைத் தாண்டி, கெழவன் ரீல் விடறான் என்று நண்பனிடம் முணுமுணுத்தான். "ரீல் வுடறது ஒன் வண்டிதான்" என்று இங்கிருந்து பதில் போனது.

இதில் ஏதோ பித்தலாட்டம் இருக்கிறது, வெளியே கொண்டுவந்தே தீருவேன் என்று கிளம்பிவிட்டான் குமரேசன். மாதப் பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்ட் நிறுத்தும் நாளில், நான் கடையில் உட்கார்ந்திருந்தபோது, பத்துப் பேரோடு வந்தான். முதுகைக் காட்டி நிற்க வேண்டும், பின்னாலிருந்து சொல்வதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றான். மறுக்க வழியில்லாமல் பேய்க்காது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

தெரு செத்துக் கிடந்தது. மேலே கார்பரேட்டர்கள் ஊதிக்கொண்டிருந்தன.

"யோவ், ஒன் கட பத்திகினு எரியுது" என்றான் குமரேசன்.

அவர் அசையவில்லை. இரண்டாம் தரம் உரக்கச் சொன்னான். அசையவில்லை. அவரு மேல ஏதோ வந்திருக்கு, வுட்ருங்கப்பா என்று ஒருவர் பின்வாங்கினார். குமரேசன் மட்டும் மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தான். "இவனுக்குக் காதே கேக்கலடா. செவிட்டுக் கெழவன்கிட்டயா ஊரே வண்டி வுட்டுகினு கீறீங்க? நாளைலேந்து எவன் வர்றான்னு பாக்கறேன்."

கடை அன்றோடு முடிந்திருக்கும். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"கேக்காதுதான். எனக்கு நாலு வருசமா தெரியும்" என்றேன். "காது கேக்கற பத்து பேரு சொல்லித்தான நீ இருபத்தெட்டு மாட்டின? கேக்காதவரு சொன்னத ஒரு தபா மாட்டிப் பாருப்பா."

பத்துப் பேரும் என்னைத்தான் பேய் பிடித்தவனைப்போலப் பார்த்தார்கள். சரி, அதையும் பார்த்துடலாம் என்றான் குமரேசன். நான் தோளைத் தட்டியதும் பேய்க்காது ஒன்றும் விளங்காத முகத்தோடு திரும்பினார். நான் சொன்னபடி இருபத்தி நாலை மாட்டிக் கொடுத்துவிட்டு, மண்ணெண்ணெய்த் தட்டில் கை கழுவ உட்கார்ந்தார். குமரேசன் தேசூர் ரோட்டில் போய் மறைந்தான்.

வெகுநேரம் ஆயிற்று. திடீரென்று அவர் தட்டிலிருந்து கையை எடுக்காமலே, "வந்துகினு கீறான். நாலாவது கியரு. திக்கல" என்றார்.

நாங்கள் பதினோரு பேர் நல்ல காதை வைத்துக்கொண்டு கவனித்தோம். காற்றைத் தவிர ஒன்றும் இல்லை. ஒருவர் பீடி பற்றவைத்துப் பாதி புகைத்தபிறகுதான் தூரத்தில் அந்தச் சத்தம், துணி கிழிப்பதுபோலச் சுத்தமாகக் கேட்டது. அந்தத் தட்டில் நானும் பலமுறை கை வைத்துப் பார்த்துவிட்டேன். சில்லென்று இருக்கிறது, அவ்வளவுதான்.

குமரேசன் இறங்கினான். தன் இருபத்தெட்டை எடுத்துக் கம்பியில் தானே தொங்கவிட்டுப் போனான். அது மற்றவற்றோடு சேர்ந்து ஊத ஆரம்பித்தது.

எல்லோரும் போனபிறகு அவர் என்னைத் தன் எதிரே உட்காரவைத்தார். "நான் அந்தாண்ட திரும்பிகினு இருந்தப்போ இன்னா சொன்ன?"

மறைக்காமல் சொன்னேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு வருசமா தெரியுமா?"

"தெரியும்ணா."

"அப்பறம் ஏன் எங்கிட்ட இம்மாம் பேசிகினு இருந்த?"

நான் அவருடைய பொரிப் பொட்டலத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் நகர்த்திவைத்தேன்.

இப்போது ஊருக்கே விஷயம் தெரியும். தோளைத் தட்டிக் கூப்பிடுகிறார்கள், கடையில் கூட்டம் குறையவில்லை. என் வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. இருந்தாலும் வியாழக்கிழமைதோறும் கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்திவிடுகிறேன்.