பால்கனி தெரியும் இடங்கள்

மார்ச் 12, புதன்.

தவறு என்னுடையதுதான். தெருவில் நடப்பவரின் கண் உயரத்தை 1.6 மீட்டர் என்று அடிப்பதற்குப் பதிலாக, ஞாயிறன்று வரைபட மென்பொருளில் 16 என்று அடித்துவிட்டேன். ஐந்து மாடி உயர மனிதர்கள் உலவும் ஊரில் எங்கள் இரண்டாம் மாடி பால்கனி எல்லாருக்கும் தெரியத்தானே செய்யும்?

பால்கனி எங்கிருந்தெல்லாம் தெரியும் என்று காட்ட நான் கொடுத்த அந்த வரைபடத்தைக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அறிவிப்புப் பலகையிலேயே குத்திவிட்டார்.

"பாத்தியாம்மா, உன் கம்ப்யூட்டரே சொல்லுது. துணி ஊருக்கே தெரியுது. புதன்கிழமை கொடியை அவுத்துடுவேன்."

அவருக்குப் பெயரில்லாத புகார்க் கடிதம் ஒன்று வந்திருந்தது: 'இரண்டாம் மாடி பால்கனித் துணி கண்ணை உறுத்துகிறது.' எங்கிருந்து பார்த்தால் என்று அதில் இல்லை. அக்காவும் நானும் துணி காயப்போட அந்தக் கொடியை விட்டால் வேறு இடம் கிடையாது. எங்களுடையதையும் சேர்த்துச் சுற்றிலும் நூற்றுப் பதினான்கு ஜன்னல்கள். வீடு வீடாக ஏறி எட்டிப் பார்க்கவா முடியும்? மாலை வகுப்பில் படிக்கும் அந்த மென்பொருளை வைத்து நிரூபிக்கிறேன் என்று சவால் விட்டிருந்தேன்.

"இதுக்கெல்லாம் எதுக்குடி மேப்பு?" என்றாள் அக்கா.

"விட மாட்டேன்."

வகுப்பில் உட்கார்ந்து 1.6 என்று திருத்தினேன். அப்போதும் பேருந்து நிலையத்திலிருந்துகூட பால்கனி தெரிந்தது. ஆசிரியர் என் திரையைப் பார்த்தார்.

"இது வெறும் தரையோட உயரம்மா. ஊர்ல ஒரு கட்டிடம்கூட இல்ல. உன் பால்கனி எதுல தொங்குது?"

வகுப்பே சிரித்தது. கட்டிட உயரங்களும் சேர்ந்த தரவை இறக்கி, ஜன்னலுக்கு ஒரு புள்ளி வைத்தேன்; பால்கனி தெரியும் இடம் சிவப்பாகும். தெருக்களில் ஒரு நிறமும் இல்லை. பால்கனிக்கு எதிரே உயர்ந்து நிற்கும் லிஃப்ட் கூண்டின் சுவர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. நூற்றுப் பதின்மூன்று ஜன்னல்கள் காலி. ஒன்று மட்டும் சிவப்பு: எங்கள் வீட்டுச் சமையலறை.

மறுபடி எங்கோ சொதப்பிவிட்டேனோ என்று மூன்று முறை ஓட்டினேன். அதே சிவப்பு.

இன்று மாலை செயலாளர் கத்தரிக்கோலுடன் வந்தார். வாசலிலேயே வரைபடத்தை விரித்தேன்.

"எங்க ஜன்னலைத் தவிர எங்கிருந்தும் தெரியாது சார். இப்ப கொடியில கை வைங்க, பாக்கலாம்!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அப்ப லெட்டர் போட்டது யாரு?"

சமையலறையிலிருந்து கரண்டியோடு அக்கா வந்தாள்.

"நான்தான் சார். காய்ஞ்ச துணிய எடுத்து மடின்னு ஒரு மாசமா இவகிட்ட கத்தினேன். நீங்க சொன்னாலாவது கேப்பாளான்னு பாத்தேன். கொடியை அவுக்கச் சொன்னேனா?"

நாளைய வேலை: சமையலறை ஜன்னலுக்குத் திரை வாங்க வேண்டும்.