சுந்தரத்துக்கு மீன் வாங்கிய சட்டம்பியார்

யாழ்ப்பாணத்தில் சைவம் ஒரு நாள் அடியோடு பட்டுப்போயிருந்தாலும் பாதகமில்லை. கரவெட்டியிலிருந்து சைவச் சட்டம்பியாரைக் கிளப்பிக்கொண்டுபோய் எங்கே நட்டாலும் அது மறுபடி தழைத்திருக்கும். அப்படி ஒரு மனிதர். எங்கள் பக்கத்தில் வாத்தியாரைச் சட்டம்பியார் என்போம். அவருடைய சொந்தப் பெயர் பள்ளிக்கூட வரவு இடாப்போடு சரி.

அவர் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை கண்ணில் பட்டதுமே மீன்காரி கூவுவதை நிறுத்திவிடுவாள். காகம் முற்றத்தில் மீன்முள்ளைப் போட்டால் முற்றம் முழுவதும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். காகம் அகப்பட்டிருந்தால் அதற்கும் தெளித்திருப்பார். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் கருவாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்தார் என்று புத்தூரில் இறங்கி, கொளுத்துகிற வெயிலில் கரவெட்டி வரை நடந்தே வந்து சேர்ந்தார். கோயிலில் புராணம் படிக்கும் காலத்தில், ஒருவர் பாட்டை வாசிக்க, அதற்குப் பொருள் விரித்துப் பயன் சொல்வது இவர்தான். அந்தக் குரலுக்கு வயல் வேலையைப் போட்டுவிட்டு வருவார்கள். அந்த ஆசனம் அவருக்கு உயிர்.

இந்த மனிதர் ஒரு பூனை வளர்த்தார். பெயர் சுந்தரம். மஞ்சள் கடுவன். பள்ளிப் பிள்ளைகளை "அடேய்" என்று அதட்டுகிறவர் பூனையை மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

"சுந்தரம், இஞ்சை வாரும். புக்கை ஆறுது."

சுந்தரமும் சுத்த சைவம். குட்டியிலிருந்தே கோயிலில் பொங்கிய புக்கை, மோதகம், கற்கண்டு போட்ட பால், திருவிழா என்றால் பஞ்சாமிர்தம். எலி குறுக்கே ஓடினால், காணி வழக்கில் பிரிந்துபோன உறவினரைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சட்டம்பியாருக்கு அதில் சொல்ல முடியாத பெருமை.

நான் அப்போது நெல்லியடியில் ஒரு மருந்துச்சாலையில் மருந்து கலக்கிக் கொடுக்கும் கொம்பவுண்டர். வைத்தியம் பார்ப்பவர் அப்போத்திக்கரி ஐயா. இரண்டாவது உலக யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்திய காலம். ஒரு காலை சட்டம்பியார் ஒரு ஓலைக் கடகத்தைச் சுமந்துகொண்டு வந்தார். உள்ளே சுந்தரம், எலும்பும் தோலுமாக.

"நெடுகத் தண்ணி குடிக்கிறார். பின்னங்கால் ரெண்டும் மடிஞ்சு மடிஞ்சு நடக்கிறார். அவர் ஒண்டுக்கிருந்த இடமெல்லாம் எறும்பு" என்றார். கையில் ஒரு சின்னப் போத்தலில் சுந்தரத்தின் சலமும் இருந்தது. அதை எப்படிப் பிடித்தார் என்று கேட்க எங்கள் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

அப்போத்திக்கரி ஐயா அதை நீல மருந்தில் விட்டு விளக்கில் சூடாக்கினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"சட்டம்பியார், சலத்திலை சீனி. உங்கடை பூனைக்குச் சலரோகம்."

"அது மனிசருக்கெல்லோ வாற வருத்தம்?"

"மனிசரைப்போலச் சாப்பிட்டால் மனிசருக்கு வாறதுதான் வரும். இனிமேல் புக்கை இல்லை, மோதகம் இல்லை, கற்கண்டு இல்லை. மீன் குடுங்கோ. இல்லையெண்டால் கனநாள் இராது."

மீன் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்போத்திக்கரி இன்னும் முடிக்கவில்லை. மீனோடு இன்சுலின் ஊசியும் வேண்டும் என்றார். பூனைக்குப் போட்டு அவருக்கும் பழக்கமில்லை, சொட்டளவில் தொடங்கிப் பார்ப்போம் என்றார்.

"அது எதிலையிருந்து எடுக்கிறது?" என்று சட்டம்பியார் என்னைப் பார்த்துக் கேட்டார். அப்போத்திக்கரி ஐயா சட்டென்று அலுமாரிக்குள் எதையோ தேடத் தொடங்கிவிட்டார். நான்தான் சொல்லவேண்டி வந்தது.

"மாட்டின்ரை வயித்துக்குள்ளை இருக்கிற ஒரு சுரப்பியிலை, ஐயா."

அவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். நெற்றி வியர்த்து, விபூதி கரைந்து மூக்கில் வழிந்தது. கடகத்துக்குள் சுந்தரம் மெல்ல ஒருமுறை கத்தியது.

"அந்த மாடு செத்துப் போச்சுத்தானே?"

"ஓம்."

"இவர் இன்னும் சாகேல்லை. ஊசியைப் பழக்கிவிடு, தம்பி."

நெல்லியடிச் சந்தை அன்று கண்ட காட்சியை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. உச்சி வெயிலில், உடம்பெல்லாம் விபூதிக் குறியோடு, மீன்காரியின் முன்னால் போய் நின்றார் சைவச் சட்டம்பியார். அவள் பயந்து எழுந்து நின்றுவிட்டாள்.

"அம்மா, சலரோகத்துக்கு ஏற்ற மீன் எது?"

"ஆருக்கு, ஐயா?"

"சுந்தரத்துக்கு."

சுந்தரம் யாரோ பெரிய இடத்துப் பிள்ளை என்று நினைத்து நல்ல சூடை மீனாகப் பொறுக்கிக் கொடுத்தாள். அவர் விலை பேசவில்லை. மீனுக்கு எப்படி விலை பேசுவது என்று அவருக்குத் தெரியாது. பனையோலையில் கோத்துக் கையில் தொங்கவிட்டபடி நடுத்தெருவால் நடந்தார். பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து ஒரு துண்டை நீட்டினார்.

"மூடிக்கொண்டு போங்கோ, சட்டம்பியார். சனம் பாக்குது."

"ஏன் மூட வேணும்? நான் களவெடுக்கேல்லையே."

நான் மருந்துச்சாலை வாசலில் நின்று பார்த்தேன். சேனாதிபதிகள் வாளைப் பிடித்திருக்கும் படங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கம்பீரம் சூடை மீனைப் பிடித்த கையில் இருந்தது.

முருங்கை மரத்தடியில் புதுச்சட்டி வைத்து அவரே அவித்தார். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு அவித்ததால் முதல் நாள் பாதி மீன் நிலத்தில் கிடந்தது. அவிக்க முன் ஒரு முழுக்கு, அவித்தபின் ஒரு முழுக்கு, சட்டி கழுவியபின் ஒரு முழுக்கு. அந்த வீட்டுக் கிணற்றுத் துலா ஓய்ந்ததே இல்லை. இன்சுலின் போத்தலைச் செம்புக்குள் வைத்துக் கயிறு கட்டிக் கிணற்றுக் குளிர்ச்சியில் தொங்கவிட்டார். ஊசி போட முன்பு சுந்தரத்தின் நெற்றியில் விபூதி பூசுவார். "கொஞ்சம் நோகும். குறை நினையாதையும்" என்பார். சுந்தரமும் குறை நினைக்கவில்லை. கொஞ்ச நாளில் பின்னங்கால் நிமிர்ந்தது. பிறகு ஒருநாள் மதிலில் ஏறி நின்றது. சட்டம்பியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொருமுறை முழுகப் போனார்.

இங்கேதான் கோயில் மணியகாரர் வருகிறார். கோயில் காரியம் எல்லாம் அவர் சொற்படி. அவருக்கும் சலரோகம். விடியற்காலையில் மருந்துச்சாலையின் பின்கதவால் வந்து அதே ஊசியை என் கையால் போட்டுக்கொண்டு போவார். ஊரில் ஒரு குருவிக்கும் தெரியாது. ஆள் இப்போது இல்லை என்பதால் சொல்கிறேன். ஒரு காலை இன்சுலின் வாங்க வந்த சட்டம்பியார் வழி தவறிப் பின்னறைக்குள் நுழைந்துவிட்டார். மணியகாரர் சால்வையைக் கழற்றிக் கையை நீட்டியபடி இருந்தார். சட்டம்பியார் ஊசியைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

புராணம் தொடங்கக் கிட்டிய ஒரு பின்னேரம், மணியகாரர் ஊர்ப் பெரியவர் இருவரைக் கூட்டிக்கொண்டு சட்டம்பியார் வீட்டுக்கு வந்தார். சுந்தரத்தைப் பார்க்கப் போன நானும் அங்கே இருந்தேன்.

"மீன் அளையிற கை ஏட்டைத் தொடுறது வடிவில்லை" என்றார் மணியகாரர், நிலத்தைப் பார்த்தபடி. "அதோடை மாட்டு மருந்தும் எண்டு சனம் கதைக்குது. ஒண்டில் பூனை, ஒண்டில் புராணம். நீங்களே சொல்லுங்கோ."

சட்டம்பியார் ஒருமுறை வாய் திறந்தால் மணியகாரர் அந்த இடத்திலேயே அவிந்துபோவார். ஆசனம் தப்பிவிடும். திறவுங்கோ ஐயா, திறவுங்கோ என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

"நீங்கள் சொல்லுறது ஞாயம்தான்" என்றார் சட்டம்பியார். "பயன் சொல்ல ஊரிலை வேறை ஆக்கள் இருக்கினம். இவருக்கு நான் மட்டும்தான்."

வந்தவர்கள் போனார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏன் ஐயா சொல்லாமல் விட்டனீங்கள்?"

"அவரும் சலரோக வருத்தக்காரன், தம்பி. வருத்தத்தைச் சொல்லி ஒருத்தரை வெல்லுறதோ?"

புராணம் தொடங்கிய அன்று கோயிலில் வேறு யாரோ பயன் சொன்னார். நான் அங்கே போகவில்லை. சட்டம்பியார் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பாயை விரித்து, ஏட்டை எதிரில் வைத்து, சுந்தரத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். பாட்டு வாசிக்க ஆள் இல்லாமல் பயன் சொல்ல முடியாது. நான் கால் கழுவிவிட்டு வந்து ஏட்டை எடுத்தேன். என் குரலுக்கு நாய்கூட எழுந்து போகும். ஆனாலும் வாசித்தேன். அவர் பயன் சொன்னார், கோயில் நிறையச் சனம் இருப்பதுபோல. கேட்டது சுந்தரமும் நானும்தான்.

முடிந்ததும் கேட்டார்: "நாளைக்கும் வருவீரோ, தம்பி?"

அன்றுதான் அவர் என்னையும் சுந்தரத்தைப்போல மரியாதையாகக் கேட்டார் என்று எனக்குப் பட்டது. "வாறன் ஐயா" என்றேன். அந்தப் புராணம் முடியும் வரை ஒருநாளும் தவறாமல் போனேன்.